வீட்டில் முழுதாக வரும் கோப்பு நெட்வொர்க்கில் பாதியாக வருகிறது: ஜாவாவின் இன்புட்ஸ்ட்ரீமைப் படிப்பது பற்றி

சொல்வங்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜாவாவில் நிரல் எழுதத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றைப் படித்து, தட்டச்சு செய்த உரையில் அந்தப் பட்டியலில் இல்லாத சொற்களுக்கு அடிக்கோடு இடும் சிறு நிரலை எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டியலில் வரிக்கு ஒரு சொல் உள்ளது. மொத்த அளவு 3,07,212 பைட். படிக்கும் பகுதி நான்கே வரிகள்தான். இன்புட்ஸ்ட்ரீமை, அதாவது பைட்டுகளை வரிசையாகத் தரும் உள்ளீட்டு ஓடையை, திறக்கிறேன், அதன் அவைலபிள் மெத்தட் தரும் எண்ணின் அளவில் ஒரு பைட் அரே உருவாக்குகிறேன், ரீட் மெத்தடை அந்த அரேயுடன் ஒருமுறை அழைக்கிறேன், அரேயை ஸ்ட்ரிங்காக மாற்றுகிறேன்.

மடிக்கணினியில் உள்ள கோப்பைப் படிக்கும்போது ஒரு குறையும் இல்லை. அதே பட்டியலை அலுவலகத்துச் சர்வரிலிருந்து சாக்கெட் என்னும் நெட்வொர்க் இணைப்பு வழியாகப் பெறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒருமுறை 1,448 பைட் வந்தது, மறுமுறை 2,896 வந்தது, இன்னொரு முறை 14,480 வந்தது. சில நேரங்களில் ஒன்றுமே வருவதில்லை. எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எதுவும் எழுவதில்லை என்பதால் எங்கே தேடுவது என்றே தெரியவில்லை. இதில் எனக்கு மிகவும் விளங்காதது ஒன்று உண்டு: டீபக்கரில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நகர்த்திப் பார்த்தால் கூடுதலாக வருகிறது, வேகமாக ஓடவிட்டால் குறைவாக வருகிறது. சர்வரில்தான் கோளாறு என்று சொல்லிவிடலாமா?

முன்னாள் ஆசிரியர் எழுதியது:

சர்வரைக் குறை சொல்ல வேண்டாம். அது முழுப் பட்டியலையும் அனுப்பியிருக்கிறது. உங்கள் நிரல்தான் வந்தவரை போதும் என்று எழுந்து போய்விட்டது. டீபக்கரைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. நீங்கள் நிறுத்தி யோசிக்கும் சில நொடிகளில் நெட்வொர்க்கிலிருந்து மேலும் பாக்கெட்டுகள் வந்து இயங்குதளத்தின் பஃபரில் (தற்காலிகத் தேக்கத்தில்) சேர்ந்துவிடுகின்றன. அதன்பின் அவைலபிள் கூடுதலான எண்ணைச் சொல்கிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். 2,896 என்பது 1,448இன் இரு மடங்கு, 14,480 என்பது பத்து மடங்கு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு பொதுவாக 1,500 பைட். அதில் ஐபி தலைப்புக்கு 20, டிசிபி தலைப்புக்கு 20, நேரக்குறிப்புக்கு 12 என்று கழித்தால் எஞ்சுவது 1,448. இணைப்பு தொடங்கியதும் எதிர்முனையிலிருந்து ஒப்புகை வருவதற்கு முன்பாகவே லினக்ஸ் சர்வர் பத்துப் பாக்கெட்டுகள் வரை அனுப்பிவிடும் என்பதால், நீங்கள் கண்ட 14,480 என்பது அந்த முதல் தவணை முழுவதும் வந்து சேர்ந்த நேரம் என்றே கருதுகிறேன். 1,448 வந்தபோது ஒரே ஒரு பாக்கெட் வந்து சேர்ந்திருந்தது. ஒன்றுமே வராதபோது நீங்கள் முந்திக்கொண்டீர்கள்: அவைலபிள் 0 என்றது, நீங்கள் நீளம் 0 உள்ள அரேயை உருவாக்கினீர்கள், அப்படிப்பட்ட அரேயைக் கொடுத்தால் ரீட் காத்திருக்காமல் 0 என்று திருப்பிவிடும் என்பது அதன் விதி. எனவே பிழைச் செய்தி இல்லாத வெற்றுப் பட்டியல் கிடைத்தது.

அவைலபிள் சொல்வது, காத்திருக்காமல் இப்போதே எடுக்கக்கூடியது எவ்வளவு என்ற மதிப்பீட்டைத்தான். மீதி எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கோப்பைப் படிக்கும் கிளாஸில் மட்டும் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக அமைந்துவிடுவதால் பலர் ஏமாறுகிறார்கள். இன்புட்ஸ்ட்ரீம் என்ற அடிப்படைக் கிளாஸில் இந்த மெத்தட் வெறுமனே 0 என்று திருப்புகிறது. ஜிஜிப் சுருக்கத்தை விரிக்கும் கிளாஸிலோ, முடிவு வரும்வரை 1 என்றும் முடிந்தபின் 0 என்றும் திருப்புகிறது. உங்கள் நான்கு வரிகளை அதன்மேல் ஓட்டினால் பட்டியலின் முதல் பைட் மட்டும் கிடைக்கும். எல்லாத் தரவையும் கொள்ளும் பஃபரை இந்த எண்ணை நம்பி ஒதுக்கக் கூடாது என்று ஜாவாவின் ஆவணமே எச்சரிக்கிறது.

இரண்டாவது தவறு, ரீட் திருப்பித் தரும் எண்ணை நீங்கள் எடுத்துப் பார்க்காதது. அரேயின் நீளம் என்பது நீங்கள் வைக்கும் உச்சவரம்பு மட்டுமே. குறைந்தது ஒரு பைட் வரும்வரை ரீட் காத்திருக்கும். அதற்கு மேல் எவ்வளவு நிரப்புவது என்பது அந்தந்தக் கிளாஸின் விருப்பம். தெருக்குழாயில் குடத்தை வைத்தவர் குடத்தின் கொள்ளளவைப் பார்த்து இத்தனை தண்ணீர் வந்தது என்று கணக்கெழுதுவதில்லை, குடத்துக்குள் எட்டிப் பார்க்கிறார். எட்டிப் பார்ப்பது இங்கே ரீட் திருப்பும் அந்த முழு எண். தரவு முடிந்ததைக் குறிக்க அது -1 ஆகும்வரை லூப்பில் படித்து, ஒவ்வொரு சுற்றிலும் அரேயின் முதல் அத்தனை பைட்டுகளை மட்டும் பைட்அரேஅவுட்புட்ஸ்ட்ரீமில் (பைட்டுகளை நினைவகத்தில் சேர்த்துவைக்கும் கிளாஸில்) எழுதுங்கள். முழு அரேயையும் எழுதிவிட்டால் கடைசிச் சுற்றில் முந்திய சுற்றின் எச்சம் வாலாக ஒட்டிக்கொள்ளும். அச்சுக்குப் போன ஒரு கோப்பின் இறுதிப் பத்தி இரண்டு முறை வந்ததற்கு இதுவே காரணம் என்று நான் கண்டுபிடிப்பதற்கு முன் ஒரு முழு நாள் வீணானது.

அவசரக்காரன் எழுதியது:

இந்தக் காலத்தில் லூப் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. 2017இல் வந்த ஜாவா 9இலிருந்து ரீட்ஆல்பைட்ஸ் என்ற மெத்தட் இன்புட்ஸ்ட்ரீமிலேயே இருக்கிறது. ஒரே வரியில் முடிவு வரை படித்து முழு அரேயைக் கையில் கொடுத்துவிடும். ஒரு ஓடையிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ஊற்றுவதற்கு டிரான்ஸ்ஃபர்டூ இருக்கிறது. 300 கிலோபைட் பட்டியலுக்கு இவ்வளவு பாடம் தேவையில்லை.

முன்னாள் ஆசிரியர் எழுதியது:

300 கிலோபைட் பட்டியலுக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன், மறுப்பில்லை. ஆனால் அந்த மெத்தட் எதை முடிவு என்று கருதுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு அதைப் பயன்படுத்துவது நல்லது. சாக்கெட்டைப் பொறுத்தவரை எதிர்முனை தன் பக்கத்தை மூடினால்தான் முடிவு. பட்டியலை அனுப்பிவிட்டு இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் சர்வராக இருந்தால், உங்கள் ஒற்றை வரி பட்டியல் முழுவதையும் வாங்கிவிட்டு, வராத முடிவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

சொல்வங்கி எழுதியது:

இருவருக்கும் நன்றி. எண்ணைப் பார்க்காமல் விட்டதுதான் என் தவறு என்பது விளங்கியது. பழகிக்கொள்வதற்காக ரீட்ஆல்பைட்ஸை விட்டுவிட்டு, 8,192 பைட் அரேயுடன் லூப்பையே எழுதினேன். ஒவ்வொரு சுற்றிலும் வந்த பைட்டுகளை யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) என்று குறிப்பிட்டு ஸ்ட்ரிங்காக மாற்றி, ஸ்ட்ரிங்பில்டரில் சேர்த்துக்கொண்டே போகிறேன். மொத்த பைட் எண்ணிக்கை இப்போது ஒவ்வொரு முறையும் 3,07,212 என்று சரியாக வருகிறது.

ஆனால் பட்டியலில் அங்கங்கே கருப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி தோன்றுகிறது. மடிக்கணினியில் உள்ள கோப்பைப் படித்தால் எப்போதும் 57 குறிகள் வருகின்றன. நெட்வொர்க்கில் படித்தால் ஓட்டுந்தோறும் எண்ணிக்கை மாறுகிறது. சில இடங்களில் இரண்டு குறிகள் சேர்ந்து வருகின்றன, சில இடங்களில் மூன்று. ஆங்கிலப் பட்டியல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். அதில் ஒன்றுகூட வரவில்லை. எழுத்துருவில் குறை இருக்குமோ?

கிணற்றடி நிரலர் எழுதியது:

எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் எழுத்துகளை நடுவில் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

தமிழ் எழுத்துகளின் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட் பிடிக்கும். அகரம் ஏறிய ககரத்துக்கு 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகள். அதில் உகரக் குறியைச் சேர்த்தால் 224, 175, 129 என்று இன்னும் மூன்று சேரும். ஆகக் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் கு ஆறு பைட். இப்போது 8,192ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள்: 2,730 குறியீடுகள் போக இரண்டு பைட் மிஞ்சும். இடையிடையே வரி முடிவுக்கு ஒற்றை பைட் வருவதால் மிச்சம் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றாகவோ இரண்டாகவோ இருக்கும், சில சுற்றுகளில் மிச்சமே இராது.

மிச்சம் இரண்டாக இருந்தால், சுற்றின் இறுதியில் 224, 174 என்று முடிந்துபோன பாதி எழுத்துக்கு ஸ்ட்ரிங் ஒரு சாய்சதுரத்தைப் போடுகிறது. அடுத்த சுற்றின் தொடக்கத்தில் தாயில்லாமல் நிற்கும் 149க்கு இன்னொன்றைப் போடுகிறது. மிச்சம் ஒன்றாக இருந்தால், இந்தப் பக்கம் தனித்த 224க்கு ஒன்று, அந்தப் பக்கம் 174க்கு ஒன்று, 149க்கு ஒன்று என மூன்று வரும். உங்கள் கோப்பு 38 சுற்றுகளில் படிக்கப்படுகிறது, அவற்றுக்கிடையே 37 வெட்டுகள். 12 வெட்டுகளில் இரண்டும் 11 வெட்டுகளில் மூன்றும் விழுந்திருந்தால் 57 ஆகிவிடுகிறது. சரியான பிரிவு வேறாக இருக்கலாம், வழி இதுதான். நெட்வொர்க்கில் சுற்றின் அளவே மாறிக்கொண்டிருப்பதால் வெட்டு விழும் இடமும் மாறுகிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரே பைட் என்பதால் அதை எங்கே வெட்டினாலும் முறியாது. ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று அனுப்பப்படும் நிரல்களில் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் ஒளிந்துகொண்டிருப்பதும் இதனால்தான்.

தீர்வு எளிது. பைட்டுகளை எழுத்தாக்கும் வேலையைச் சுற்றுதோறும் தொடங்கி முடிக்காமல், சுற்றுக்குச் சுற்று நினைவு வைத்திருக்கும் ஒரு ஆப்ஜெக்டிடம் ஒப்படைக்க வேண்டும். இன்புட்ஸ்ட்ரீம்ரீடர் அதைத்தான் செய்கிறது: பாதியில் நின்ற பைட்டுகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்த தவணை வந்ததும் சேர்த்து எழுத்தாக்குகிறது. அதன்மேல் பஃபர்ட்ரீடரைப் போர்த்தி ரீட்லைனை அழைத்தால் உங்களுக்கு வரிக்கு ஒரு சொல் கிடைக்கும், ஸ்ட்ரிங்பில்டரே தேவையில்லை. அல்லது எல்லா பைட்டுகளையும் சேர்த்த பிறகு ஒரே ஒருமுறை மாற்றுங்கள். ரீடரிலிருந்தும் துண்டு துண்டாகவே படித்து எழுத்தெண்ணிக்கை பார்க்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு கவனம் வேண்டும்: ககரம் ஒரு துண்டின் கடைசியிலும் அதற்குரிய உகரக் குறி அடுத்த துண்டின் தொடக்கத்திலும் விழலாம். பைட் முறியாது, ஆனால் எழுத்து பிரிந்துவிடும். வரியாகப் படிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

டாட்நெட் தச்சர் எழுதியது:

ஜாவா அல்லாதவன் நுழைவதற்கு மன்னிக்கவும். ரீட் கேட்டதைவிடக் குறைவாகவும் தரலாம் என்ற இதே ஒப்பந்தம் சி ஷார்ப்பின் ஸ்ட்ரீம் கிளாஸிலும் எழுதப்பட்டிருக்கிறது, இதே அலட்சியம் எங்களிடமும் உண்டு. டீஃப்லேட், ஜிஜிப், கிரிப்டோ ஆகிய மூன்று ஸ்ட்ரீம்களும் முன்பு கேட்ட அளவை நிரப்பித் தருவதையே வழக்கமாக வைத்திருந்தன. 2021இல் வந்த டாட்நெட் 6இல் அவை கிடைத்தவரை உடனே தருவதாக மாற்றப்பட்டன. ஒப்பந்தம் அணுவளவும் மாறவில்லை. ஆனாலும் திருப்பிய எண்ணைப் பார்க்காமல் எழுதப்பட்டிருந்த நிரல்கள் புதிய பதிப்புக்கு மாறியதும் பாதித் தரவுடன் நின்றன. நான் பராமரித்த நிரலிலும் இரண்டு இடங்களில் அது நேர்ந்தது. ஆறாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த நிரலில் தவறு இருக்க முடியாது என்று வாதிட்டவர்களுள் நானும் ஒருவன். அடுத்த ஆண்டு டாட்நெட் 7இல், கேட்ட அளவு நிரம்பும்வரை படித்து, முன்னதாக முடிந்துவிட்டால் எக்செப்ஷன் எழுப்பும் ரீட்எக்ஸாக்ட்லி வந்தது.

சிபிளஸ்பிளஸ்காரன் எழுதியது:

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இன்றும் கோப்பின் முடிவு வந்துவிட்டதா என்று இஓஎஃப் மெத்தடைக் கேட்டு லூப் போடவே கற்றுத்தருகிறார்கள். கடைசி எண் எப்போதும் இரண்டு முறை அச்சாகிறது. இதுவும் இந்த இழையில் பேசும் சிக்கலின் உறவுதானா?

முன்னாள் ஆசிரியர் எழுதியது:

நெருங்கிய உறவுதான். சிபிளஸ்பிளஸ் ஓடைக்கு முடிவு முன்கூட்டியே தெரியாது. படிக்க முயன்று முட்டிக்கொண்ட பிறகுதான் முடிவுக்கொடி ஏறும். கடைசி எண்ணைப் படித்ததும் அதற்குப் பின்னால் ஒரு வரிமுடிவு மிஞ்சியிருந்தால் கொடி இன்னும் ஏறாது, லூப் மறுபடியும் உள்ளே போகும், அங்கே படிப்பது தோற்கும், தோற்றதைப் பார்க்காத நிரல் பழைய மதிப்பையே அச்சிடும். படிக்கும் செயலையே லூப்பின் நிபந்தனையாக எழுதிவிட்டால் அந்தத் தவறு நிகழ இடமில்லை. எண் எதிர்பார்க்கும் இடத்தில் பயனர் எழுத்தைத் தட்டினால் தோல்விக்கொடி ஏறி அப்படியே நிற்கும்; கிளியரால் கொடியை இறக்கி, இக்னோரால் அந்த வரியின் மீதியைத் தள்ளாத நிரல் முடிவின்றிச் சுற்றும். வயதைப் படித்தபின் பெயரைக் கேட்காமலேயே நிரல் தாண்டிப் போகிறது என்று ஆண்டுதோறும் ஒரு மாணவர் வந்து சொல்வார். அங்கே எண்ணுக்குப் பின்னால் விட்டுவைத்த வரிமுடிவைத்தான் கெட்லைன் வெற்று வரியாக எடுத்துக்கொள்கிறது. ஜாவாவின் ஸ்கேனரில் நெக்ஸ்ட்இன்ட்டுக்குப் பின் நெக்ஸ்ட்லைன் அழைப்பவருக்கும் இதே கதைதான்.

சொல்வங்கி எழுதியது:

சாய்சதுரங்கள் அனைத்தும் மறைந்துவிட்டன. ஆயினும் நிரலைத் தோழி ஒருவரின் விண்டோஸ் கணினியில் ஓட்டியபோது பட்டியல் முழுவதும் வேற்று எழுத்துகளாக வந்தது. ககரம் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடிட்ட சிறிய ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், அதையடுத்து ஒரு கரும்புள்ளி என்று மூன்று குறிகள் உள்ளன. மேலும் அவர் நோட்பேடில் திறந்து சேமித்துக் கொடுத்த பட்டியலை என் கணினியில் படித்தால் எழுத்துகள் சரியாக வருகின்றன, ஆனால் முதல் சொல்லாகிய அகம் மட்டும் பட்டியலில் இல்லை என்கிறது நிரல். அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

கிணற்றடி நிரலர் எழுதியது:

இன்புட்ஸ்ட்ரீம்ரீடரை உருவாக்கும்போது குறியாக்கத்தைக் குறிப்பிடாமல் விட்டிருப்பீர்கள். ஜாவா 17 வரை அப்படி விட்டால் இயங்குதளம் வைத்திருக்கும் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற பழைய மேற்கத்தியப் பட்டியல். அதில் 224, 174, 149 ஆகியவை நீங்கள் வருணித்த அதே மூன்று குறிகள். 2022இல் வந்த ஜாவா 18இலிருந்து எங்கும் யூடிஎஃப்-8 என்று ஆகிவிட்டது. இருப்பினும் எந்தப் பதிப்பில் ஓட்டுவார்கள் என்பது நம் கையில் இல்லாததால் வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிடுவதே என் வழக்கம்.

அகம் காணாமற்போனதற்குக் காரணம், கோப்பின் தலையில் ஒட்டியிருக்கும் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள். சில உரைத் தொகுப்பான்கள் இது யூடிஎஃப்-8 என்பதற்கு அடையாளமாக அவற்றை எழுதிவைக்கும். ஜாவா அவற்றை நீக்காமல் 65,279 என்ற எண்ணுடைய, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தாக முதல் சொல்லின் முன்னால் வைத்துவிடும். முதல் வரியின் முதல் எழுத்து அந்த எண்ணாக இருந்தால் வெட்டிவிடுங்கள். ஓரங்களில் உள்ள வெற்றிடங்களை வெட்டும் டிரிம் மெத்தட் அதை நீக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அடுத்து நீங்கள் முயலப்போவது அதுதான்.

மேசை விளக்கு எழுதியது:

ஒரு பைட்டாகப் படிக்கும் ரீட் மெத்தட் ஏன் முழு எண்ணைத் திருப்புகிறது என்பதையும் இங்கே எழுதிவைப்பது பயன்படும். பைட்டின் மதிப்பு 0 முதல் 255 வரை, முடிவுக்கு -1. இந்த 257 விடைகளும் ஒரு பைட்டுக்குள் அடங்காது. நான் ஒருமுறை திரும்பி வந்ததை முதலில் பைட் மாறியில் போட்டுவிட்டுப் பிறகு -1உடன் ஒப்பிட்டேன். உரைக் கோப்புகள் எல்லாம் சரியாகப் பிரதியாயின. ஜேபெக் படங்கள் மட்டும் 0 பைட்டாக வந்தன. ஜேபெக் கோப்பின் முதல் பைட்டே 255, அதை ஜாவாவின் பைட்டில் போட்டால் -1. யூடிஎஃப்-8 உரையில் 255 எங்கும் வராது என்பதால் உரைச் சோதனைகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவசரக்காரன் எழுதியது:

எனக்கு ஒரு மனக்குறை. ஒரு கோப்பைத் திறக்க ஃபைல்இன்புட்ஸ்ட்ரீம், அதன்மேல் ஜிஜிப், அதன்மேல் இன்புட்ஸ்ட்ரீம்ரீடர், அதன்மேல் பஃபர்ட்ரீடர் என்று நான்கு ஆப்ஜெக்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக உருவாக்குவதை ஆப்ஜெக்ட் முறையின் அழகு என்கிறார்கள். எனக்கு வெங்காயத் தோல்தான் நினைவுக்கு வருகிறது.

முன்னாள் ஆசிரியர் எழுதியது:

கண்ணுக்கு அழகாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஒப்பந்தம் என்பதால், சொல்வங்கியின் நிரல் கோப்பிலிருந்து சாக்கெட்டுக்கு மாறியபோது படிக்கும் பகுதியில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. சுருக்கத்தைச் சேர்ப்பதென்றால் நடுவில் ஒரு தோலைச் செருகினால் போதும். இதற்குக் கைம்மாறாக நாம் செய்ய வேண்டியது, கோப்புக்கு மட்டும் பொருந்துவதை எல்லா ஓடைக்கும் பொருந்துவதாக எண்ணி எழுதாமல் இருப்பது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஃபில்டர்இன்புட்ஸ்ட்ரீமிலிருந்து ஒரு கிளாஸை வருவியுங்கள். நான் அதற்குக் கஞ்சஓடை என்று பெயர் வைத்திருக்கிறேன். அரே, தொடக்க இடம், நீளம் ஆகிய மூன்றையும் பெறும் ரீட் மெத்தடை மட்டும் மாற்றி எழுதி, எவ்வளவு கேட்டாலும் தாய் கிளாஸிடம் ஒரு பைட்டுக்கு மேல் கேட்காதபடி செய்யுங்கள். அவைலபிள் எப்போதும் 0 என்று சொல்லட்டும். ஒப்பந்தப்படி பார்த்தால் இது குற்றமற்ற ஓடை. உங்கள் சோதனைகள் அனைத்தையும் இதன் வழியாக ஒருமுறை ஓட்டுங்கள். மெதுவான நெட்வொர்க்குக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. படிக்கும் மெத்தட் கோப்பின் பெயரை வாங்கித் தானே திறந்துகொள்வதாக இருந்தால் இதைச் செருக இடமிருக்காது, ஆகவே அது இன்புட்ஸ்ட்ரீமையே வாங்கட்டும். திறந்தவரே மூடட்டும், அதற்கு ஜாவா 7இலிருந்து, தானாகவே மூடிவிடும் டிரை வித் ரிசோர்சஸ் இருக்கிறது.

பஃபர் உள்ள தோலைப் போர்த்தியபின் உள்ளே இருக்கும் ஓடையைத் தனியாகத் தொடாதீர்கள். பஃபர்ட்ரீடர் தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதை உள் ஓடையில் தேடினால் கிடைக்காது. நிரலின் வழக்கமான உள்ளீட்டு ஓடையான சிஸ்டம்.இன் மீது இரண்டு ஸ்கேனர்கள் வைத்திருப்பவருக்கு விசைப்பலகையில் தட்டும்போது ஒவ்வொரு வரியாக வருவதால் எல்லாம் சரியாக இருக்கும். அதே உள்ளீட்டைக் கோப்பிலிருந்து திருப்பிவிட்டால் முதல் ஸ்கேனர் எல்லாவற்றையும் விழுங்கிவிட, இரண்டாவது பட்டினி கிடக்கும்.

சொல்வங்கி எழுதியது:

கஞ்சஓடையை எழுதிவிட்டேன், பத்து வரிகூட இல்லை. ஒன்பது சோதனைகளில் இரண்டு உடனே தோற்றன.

பின்னணியைச் சொல்கிறேன். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சென்ற வாரம் ஒரே இணைப்பில் சொற்பட்டியல், ஊர்ப்பெயர்ப் பட்டியல் என்று இரண்டை அடுத்தடுத்து அனுப்புமாறு மாற்றியிருந்தார். முடிவு இப்போது இணைப்பு மூடப்படும்போது மட்டுமே வரும் என்பதால், ஒவ்வொரு பட்டியலுக்கு முன்னும் அதன் நீளத்தை நான்கு பைட்டில் அனுப்புகிறார். முதல் தோல்வி அந்த நான்கு பைட்டைப் படிக்கும் இடத்தில்: ரீடை ஒருமுறை அழைத்து, நான்கும் வந்திருக்கும் என்று நம்பியிருந்தேன். நெட்வொர்க்கில் இதுவரை ஒருமுறைகூட அது தவறியதில்லை, கஞ்சஓடையில் முதல் முயற்சியிலேயே நீளம் பிழையாக வந்தது. இரண்டாவது தோல்வி, முதல் பட்டியலை பஃபர்ட்ரீடரால் படித்துவிட்டு, இரண்டாவதன் நீளத்தைச் சாக்கெட்டின் ஓடையில் தேடியது.

இப்போது டேட்டாஇன்புட்ஸ்ட்ரீமின் ரீட்இன்ட்டால் நீளத்தை எடுத்து, அத்தனை பைட்டையும் ரீட்ஃபுல்லியால் வாங்கி, அதன்பின் ஒரே ஒருமுறை யூடிஎஃப்-8இலிருந்து மாற்றுகிறேன். இடையில் முடிந்துவிட்டால் இஓஎஃப் எக்செப்ஷன் வருகிறது. இதில் ஏதேனும் விட்டுவிட்டேனா?

முன்னாள் ஆசிரியர் எழுதியது:

ஒன்று மட்டும். வந்த நீளத்தை நம்பி அரேயை ஒதுக்குவதற்கு முன், அது 0க்குக் குறையாமலும் நீங்கள் வைக்கும் ஓர் உச்சவரம்பைத் தாண்டாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பட்டியலுக்குப் பத்து மெகாபைட் தாராளம். இல்லாவிட்டால் யாரோ தவறாகவோ வேண்டுமென்றோ 2,14,74,83,647 என்று நான்கு பைட்டை அனுப்பினால் உங்கள் நிரல் நினைவகம் போதாமல் விழும். ரீட்இன்ட் பெரிய பைட்டை முதலில் எதிர்பார்க்கும். அந்த அண்ணன் சிபிளஸ்பிளஸில் நீள எண்ணை அப்படியே சாக்கெட்டில் தள்ளுகிறார் என்றால், இன்டெல் கணினியில் வரிசை தலைகீழாக இருக்கும், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்வங்கி எழுதியது:

கேட்டேன், ஐயா. அவர் ஏற்கெனவே வரிசையை மாற்றித்தான் அனுப்புகிறார். உச்சவரம்பையும் சேர்த்துவிட்டேன். ஒன்பது சோதனைகளும் கஞ்சஓடையில் தேறின. அலுவலகத்து வைஃபையில் மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் 3,07,212 வந்தது.